அந்த வண்டி ஏன் அவ்வளவு சுத்தம்

டீச்சரின் காரைப் பார்த்து அந்தத் தெருவே வியந்தது. ஒன்பது வருஷப் பழைய வண்டி. கூரையில் எல் போர்டு, இரண்டு பக்கக் கதவிலும் டிரைவிங் பள்ளியின் தொலைபேசி எண். கார் ஓட்டத் தெரியாதவர்கள் மட்டுமே ஓட்டுகிற கார் அது. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர், ஏழெட்டு விதமாக அதைக் குலுக்கி எடுப்பார்கள். அப்படிப்பட்ட வண்டி புழுதி படிந்து, அங்கங்கே நசுங்கி, பார்க்கவே பாவமாக நிற்பதுதானே நியாயம்? அது என்னடாவென்றால் முந்தாநாள் வாங்கியதைப் போல் மின்னிக்கொண்டு நின்றது. அதன் கதவில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போகிறவர்கள்கூட உண்டு.

"வண்டியையே இப்படி வச்சிருக்கிறவங்க நம்ம பிள்ளையை எப்படிப் பாத்துக்குவாங்க!" என்று மகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போன அம்மாக்கள் இருந்தார்கள். அலுவலகத்துக்குக் கீழே கடை வைத்திருந்த பூட்டுக்காரரோ, "சின்ன வயசுப் பழக்கம்ங்க. திடீர்னு வராது," என்று சாவி வெட்ட வருகிறவர்களிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

டீச்சருக்குச் சின்ன வயதில் அப்படி ஒரு பழக்கமும் இருந்ததில்லை. இன்றைக்கும் அவள் கைப்பைக்குள் கையை விட்டால் மூன்று மாதத்துக்கு முந்தைய மிட்டாய்க் காகிதம் கிடைக்கும்.

விஷயம் வேறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் பள்ளி ஆரம்பித்தபோது, போர்டு எழுதுகிறவர் "கீழே கொஞ்சம் இடம் இருக்கு, ஏதாவது எழுதணுமா?" என்று கேட்டார். டீச்சர் யோசிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, "இங்கே யாரையும் திட்ட மாட்டோம்" என்று எழுதச் சொல்லிவிட்டாள். ஊரில் இருந்த மற்ற பள்ளிகளில் திட்டு வாங்கி நொந்தவர்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மாடி ஏறி வந்தார்கள். எழுதச் சொன்னது அக்கா. காப்பாற்ற வேண்டியது தங்கை.

காப்பாற்றினாள். எதிரே வருகிற பால் வண்டியை நோக்கி ஒருவர் நேராகப் போவார். டீச்சர் தன் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை உயிரைக் கொடுத்து மிதித்தபடி, தாலாட்டுகிற குரலில், "பரவாயில்லை, ஒண்ணும் ஆகாது. மெதுவா இடது பக்கம் வாங்க," என்பாள். கால் ஒரு கட்சி, குரல் ஒரு கட்சி. வீட்டில் சாப்பிடும்போதுகூட, கணவர் வேகமாக ஏதாவது பேசினால், மேசைக்கு அடியில் அவள் கால் தானாகத் தரையை மிதிக்கும். "இப்ப என்ன, என்னையும் நிறுத்தறியா?" என்பார் அவர்.

மிதித்ததெல்லாம் எங்கே போகும்? பெட்ரோல் பங்குக்குப் பின்னால் போகும். அங்கே ஒரு கார் கழுவும் இயந்திரம் இருந்தது. நீளமான கூண்டு. வாசலில் ஒரு பலகை: 'கியரை நியூட்ரலில் போடவும். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும். ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.' அப்புறம் தரையில் ஓடும் பட்டை வண்டியை உள்ளே இழுத்துக்கொள்ளும். சோப்பு நுரை கண்ணாடிகளை மூடும். ஆளுயரத் தூரிகைகள் நாலு பக்கமும் சுழன்று வந்து மோதும். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது.

முதல் தடவை போனது நிஜமாகவே கழுவத்தான். மாணவர் ஒருவர் நடைபாதையில் ஏறி, மருந்துக் கடை வாசலில் இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தைச் சாய்த்துவிட்டு, "சாரி டீச்சர்," என்று சொன்ன நாள். தூரிகை முதல் அடி அடித்தபோது டீச்சரின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தன் சத்தம்தானா என்று அவளே திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்தபோது வண்டியும் சுத்தம், அவளும் சுத்தம். அன்றிலிருந்து, யார் எதை மோதினாலும், யார் பாதியில் நின்றுபோனாலும், எந்த மாதம் யாருமே சேராமல் போனாலும், அவள் அங்கே போய்க் கத்திவிட்டு வந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட வேண்டியதில்லை. கடைசியில் சுடுகாற்று அடித்து வண்டியை உலர்த்துவார்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

அக்காவுக்குப் பாதி தெரியும். மனசு சரியில்லாவிட்டால் சிலர் அலமாரியை அடுக்குவார்கள், தன் தங்கை வண்டியைக் கழுவுகிறாள் என்று நினைத்தாள். மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தே கணக்குச் சொல்வாள். வாரத்துக்கு ஒரு தடவை என்றால் எல்லாம் சுகம். இரண்டு என்றால் யாரோ டெஸ்டில் தோற்றிருக்கிறார்கள். மூன்று என்றால் அன்று டீச்சரிடம் வாயே கொடுக்கக் கூடாது.

இந்தப் பத்து நாளில் ஏழு தடவை கழுவியாகிவிட்டது. அக்கா எதுவும் கேட்கவில்லை. டீச்சர் மாடி ஏறும்போது ஜன்னல் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

பத்து நாளைக்கு முன்னால், முப்பது கார் வைத்திருக்கும் பெரிய டிரைவிங் பள்ளியின் மேனேஜர் டீச்சரைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். உங்கள் வண்டியையும் உங்களையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், மாணவர்களை நாங்களே பிடித்துத் தருவோம், நீங்கள் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம், ஞாயிறு லீவு. போன் எடுக்க, நேரம் குறிக்க, அங்கேயே நாலு பேர் இருந்தார்கள். ஆகவே அக்கா தேவையில்லை. "அவங்களுக்கு ரெஸ்ட் குடுக்கலாமே மேடம்," என்று மேனேஜர் மென்மையாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும்.

டைப்பிங் வேலையை விட்டுவிட்டு, "நீ வண்டியைப் பாத்துக்கோ, நான் போனைப் பாத்துக்கறேன்," என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள் அக்கா. அவளிடம் போய் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? ஒப்புக்கொண்டால் அக்கா இல்லை. மறுத்தால் இதே பயம், இதே பால் வண்டி, இதே காலி மாதங்கள். டீச்சர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். போகிற தெம்பும் இல்லை, இருக்கிற தெம்பும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டருக்கு டெஸ்ட். டாக்டர் என்றால் பல் டாக்டர். டீச்சரைவிட நாலைந்து வயது மூத்த பெண்மணி. ஒரே ஒரு நாற்காலி போட்ட சின்ன கிளினிக் வைத்திருந்தார். கற்றுக்கொள்ள ஆரம்பித்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகிவிட்டது. இது நாலாவது டெஸ்ட். முதல் டெஸ்டில், சாலையில் நின்ற ஒரு புறாவுக்காக வண்டியை நிறுத்தினார். அது பறந்து போய்க் கால் மணி ஆகியும் எடுக்கவில்லை. இரண்டாவதில் மேட்டில் பின்னால் உருண்டார். மூன்றாவதில் இடது பக்க விளக்கைப் போட்டுவிட்டு வலது பக்கம் திரும்பி, அதிகாரி கேட்டதற்கு, "மாத்திப் போட்டாலும் போட்டேன்ல?" என்று சண்டைக்குப் போனார்.

நாலாவதில் எல்லாமே ஒழுங்காகத்தான் போனது. கடைசியாக ரிவர்ஸ். இரண்டு டிரம்களுக்கு நடுவில் பின்னால் போய் நிற்க வேண்டும். டாக்டருக்கு வியர்த்தது. டிரம் நெருங்க நெருங்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட அதிகாரியின் தோளைத் தட்டி, "அப்படியே அசையாம இருங்க. கண்ணை வேணா மூடிக்குங்க. வலிக்காது," என்று சொல்லிவிட்டு டிரம்மைச் சாய்த்தார்.

திரும்பி வரும் வழியில் டாக்டர் முன்னால் உட்கார மறுத்துப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"பரவாயில்லை டாக்டர். எல்லாருக்கும் ஆகறதுதான்," என்றாள் டீச்சர்.

"யாருக்கு ஆகும்? நாலு தடவை யாருக்கு ஆச்சு?"

டீச்சர் யோசித்துப் பார்த்தாள். யாருக்கும் ஆகவில்லை. "பரவாயில்லை," என்றாள் மறுபடியும்.

கிளினிக் எதிரில் வண்டியை நிறுத்தியபோது டீச்சரின் செல்போன் அடித்தது. மேனேஜர். டாக்டர் காதில் விழக் கூடாதே என்று இறங்கி, நாலு கடை தள்ளிப் போய் நின்று பேசினாள். "சும்மா ஞாபகப்படுத்தத்தான் மேடம். அவசரமே இல்லை. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி," என்றார் அவர். திரும்பி வந்தபோது வண்டியில் ஆள் இல்லை. தோற்றுப்போன நாட்களில் டாக்டர் சொல்லிக்கொள்ளாமல் நழுவி கிளினிக்குக்குள் போய்விடுவது வழக்கம். மூன்று தடவையும் அப்படித்தான் போனார். டீச்சர் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள்.

'வண்டியில் ஏறியதும் முதல் வேலை, கண்ணாடியில் பின்னால் பார்ப்பது.' இது அவள் நடத்தும் முதல் நாள் முதல் பாடம். இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்குத் தேய்ந்திருந்தது. அன்றைக்கு அவள் பார்க்கவில்லை.

கூண்டுக்குள் வண்டி நுழைந்தது. நுரை மூடியது. தூரிகை சுழன்றது.

"முடியலை!" என்று டீச்சர் ஆரம்பித்தாள். "என்னால முடியலை, முடியலை, முடியலை! டேய் கண்ணாடி! டிரம்மு சாஞ்சா என்னடா, உங்க வீட்டு டிரம்மா அது? தங்கத்துல செஞ்சதா? தூக்கி நிறுத்தினா நிக்காதா? யோவ் மேனேஜர், அவசரமே இல்லைன்னா எதுக்குய்யா தினம் போன் பண்றே?" மூச்சு வாங்கிக்கொண்டாள். அடுத்த தூரிகை வந்தது. "பல்லு டாக்டரே! கிளட்ச்! கிளட்ச்சுன்னா இடது கால்! இடது கால்னா உங்க உடம்புல இடது பக்கம் தொங்கற கால்! நாப்பத்தொரு மணி நேரமா கரடியா கத்தறேன்..." அங்கே நின்று, திருத்திக்கொண்டாள். "கரடியா கத்தலை, அதான் தப்பு! ஊர்ல இருக்கிற பல்லையெல்லாம் புடுங்கறீங்க, அந்த ஹேண்ட் பிரேக்கை ஒரே ஒரு தடவை புடிச்சு இழுக்கக் கூடாதா? உங்க பக்கத்துல உக்காந்து உக்காந்து எனக்கு ஆயுசே பாதி போச்சு! ஒரு நாள் இல்லை ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து சாகப்போறோம்!"

நுரை வழிந்து இறங்கியது. தூரிகைகள் விலகின. இனி மெதுவாகத்தான் கத்த முடியும்.

"அக்காகிட்ட நான் என்னன்னு சொல்வேன்," என்றாள் டீச்சர். அது கத்தலாக வரவில்லை. "வேண்டாம் போன்னு அவளை நான் எப்படிச் சொல்வேன்."

சுடுகாற்று அடிக்க ஆரம்பித்தது. ஜன்னலை இறக்கலாம் என்று நிமிர்ந்தவள், கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் முதலில் ஒரு கலைந்த கொண்டை மேலே வந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள் வந்தன.

"ஹேண்ட் பிரேக் கொஞ்சம் டைட்டா இருக்கு டீச்சர்," என்றார் டாக்டர்.

வண்டி நியூட்ரலில்தான் இருந்தது. ஆனாலும் டீச்சரின் கால் பாய்ந்து பிரேக்கை மிதித்தது. பட்டை இழுக்க, வண்டி நிற்க, சிவப்பு விளக்கு சுழன்று மணி அலற, மொத்த இயந்திரமும் முனகிக்கொண்டு நின்றது. கழுவும் இடத்துக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்தார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது டீச்சருக்கு. வண்டியை வெளியே கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினாள். திரும்பாமலே, "எப்படி?" என்றாள்.

"கிளினிக் படியில ரெண்டு பேஷன்ட் நின்னாங்க. ரெண்டு பேர்கிட்டயும் இன்னிக்கு எனக்கு டெஸ்ட்னு பெருமையா சொல்லி வச்சிருந்தேன். அதான் கீழே குனிஞ்சு உக்காந்துட்டேன். அவங்க உள்ளே போனதும் இறங்கலாம்னு பாத்தா, நீங்க வண்டியை எடுத்துட்டீங்க."

"கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிடத்தான் நினைச்சேன். நீங்க 'முடியலை'ன்னு ஆரம்பிச்சீங்க. நடுவுல பேசறது மரியாதையில்லைன்னு விட்டுட்டேன்."

டீச்சர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஆறு வருஷமாக ஒரு மாணவரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்ன அன்றைக்கு, இருக்கிற எல்லாரையும் விட்டுவிட்டு, தோற்றுப்போய் வந்த ஒருவரை, அதுவும் அவரை வைத்துக்கொண்டே. பணத்தைத் திருப்பிக் கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். போர்டில் எழுதியிருக்கிறதே. "மன்னிச்சிடுங்க டாக்டர்," என்றாள், மறுபடியும் அந்தத் தாலாட்டுக் குரலில்.

"ஐயோ, அந்தக் குரல் வேண்டாம்!" டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "இத்தனை நாள் கழிச்சு இப்பத்தான் எனக்கு உங்களைப் பாத்து பயம் போயிருக்கு. மறுபடி ஆரம்பிக்காதீங்க."

"என்னைப் பாத்தா? நான் என்ன பண்ணினேன்?"

"நீங்க 'பரவாயில்லை, ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்றப்பெல்லாம் எனக்குக் கை கால் ஆடிப்போகும். ஏன் தெரியுமா? அது என் குரல். நானும் நாள் பூரா அந்தக் குரல்லதான் பேசறேன். 'ஒண்ணுமில்லை, வலிக்காது'ன்னு. அப்படிச் சொல்றப்ப என் கை எங்க இருக்கும்? முதுகுக்குப் பின்னால. கையில என்ன இருக்கும்? இத்தனாம் பெரிய ஊசி. நீங்க எவ்வளவுக்கு எவ்வளவு இதமா பேசறீங்களோ, எங்கயோ அவ்வளவு பெருசா ஏதோ வருதுன்னு நான் தேட ஆரம்பிச்சிடுவேன். கிளட்ச்சு எங்க ஞாபகம் இருக்கும்?"

டீச்சர் திரும்பி உட்கார்ந்தாள். அந்தக் குரலைத் தான் எல்லாருக்கும் கொடுக்கிற பரிசு என்று அவள் எண்ணியிருந்தாள். தன்னிடம் இருந்ததிலேயே நல்லது அதுதான் என்றும். அது பொய் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கேட்கிறவர்களுக்கும் தெரியும் என்பதுதான் தெரியாது. 'பரவாயில்லை' என்றதும் தோள் இறுகிப்போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர்களுடைய பயத்தை அடக்குவதாக நினைத்துக்கொண்டு அவள் இத்தனை நாளும் தன் பயத்தைத்தான் அடக்கிக்கொண்டிருந்தாள். அதுவும் சரியாக அடங்கவில்லை.

"நீங்க எங்க போய்க் கத்துவீங்க?" என்று கேட்டாள்.

"எக்ஸ்ரே ரூம்," என்றார் டாக்டர் உடனே. "கதவுல ஈயத் தகடு அடிச்சிருக்கு. சிவப்பு லைட்டைப் போட்டுட்டா ஒரு ஆள் உள்ளே வர மாட்டாங்க. எங்க நர்ஸ் நான் எதையும் எக்ஸ்ரே எடுக்காம முடிவு பண்ண மாட்டேன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டிருக்கா."

முதலில் டாக்டர்தான் சிரித்தார். டீச்சர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் இருமினாள். அந்த நேரம் பார்த்துக் கழுவும் இடத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"என்ன மேடம், இன்னிக்கு சீக்கிரமே நின்னுடுச்சு?"

"மன்னிச்சிடுங்கண்ணே. தெரியாம பிரேக்கை மிதிச்சிட்டேன்."

"மெஷினைச் சொல்லலை. கத்தறதைச் சொன்னேன்."

டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. "வெளியில கேக்குமா?"

"முதல் ரெண்டு தடவை யாரையாவது கூப்பிடலாமான்னு பயந்துட்டேன். அப்புறம் நீங்க சிரிச்ச முகமா வெளியே வர்றதைப் பாத்துட்டு விட்டுட்டேன். மத்த வண்டிக்கெல்லாம் நாலு நிமிஷம். உங்களுக்கு மட்டும் ஆறு நிமிஷம் போடறேன். நாலுல முடிச்சா பாதி வாக்கியத்துல வெளியே வர்றீங்க, பாக்கப் பாவமா இருக்கு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சேச்சே! தொழில் ரகசியம் மேடம். நீங்க மட்டுமா வர்றீங்க? வியாழக்கிழமை ஒரு பேக்கரிக்காரர் வருவார். அவர் அழற ஆளு. அதுக்கு நாலு நிமிஷமே போதும்."

கிளினிக்குக்குத் திரும்பிப் போகும்போது டாக்டர் ஓட்டினார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் வாய் திறந்து 'பர' வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"எனக்கு பயமா இருக்கு," என்றாள்.

"எதைப் பாத்து?"

"முன்னால போற சைக்கிள்காரர். திரும்பிப் பாக்காம வளையற ஆள் மாதிரி தெரியறார்."

டாக்டர் வேகத்தைக் குறைத்தார். சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்காமல் வளைந்தார். வண்டி அவருக்கு வழி விட்டுப் பின்னாலேயே நிதானமாகப் போனது.

"அவ்வளவுதானா பயம்?"

"இப்போதைக்கு அவ்வளவுதான்."

"மத்தபடி எப்படி ஓட்டறேன்?"

"நல்லாத்தான் ஓட்டறீங்க. கிளட்ச் தவிர."

"கிளட்ச் எப்படி?"

டீச்சர் ஒரு கணம் போர்டை நினைத்துக்கொண்டாள். "கேவலம்," என்றாள்.

டாக்டர் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு, இடது காலை அழுத்தி, கியரை மாற்றினார். நாற்பத்திரண்டாவது மணி நேரத்தில் முதல் தடவையாக அது சத்தமில்லாமல் விழுந்தது. வழி முழுவதும் டீச்சர் இரண்டாவது பிரேக்கை இரண்டே தடவைதான் மிதித்தாள். அதில் ஒன்று பழக்கதோஷம்.

அலுவலகத்துக்கு மாடி ஏறும்போதே அக்காவின் குரல் படிக்கட்டு வரை கேட்டது. "கிரெடிட் கார்டா? எதுக்குய்யா எனக்கு கிரெடிட் கார்டு? காலையிலேருந்து நாலு தடவை கேட்டுட்டே. உங்க வீட்டுல அக்கா தங்கச்சி இருக்காங்களா? அவங்க தலையில கட்டு! மறுபடி இந்த நம்பருக்கு போன் பண்ணினே, நேர்ல வந்து உன் ஒயரைப் புடுங்கிடுவேன்! வை போனை!"

டீச்சர் வாசலில் நின்றாள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், மேசைமேல் ரவுண்டானா விளக்குவதற்காக வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் தட்டும் நாலு பொம்மைக் காரும். அவற்றுக்குப் பின்னால் அக்கா, சிவந்த முகத்தோடு. ஜன்னலுக்கு வெளியே அந்தப் போர்டின் முதுகு தெரிந்தது.

தங்கையைப் பார்த்ததும் அக்காவின் குரல் சட்டென்று தேனாக மாறியது. "ராங் நம்பர்டி. வா, உக்காரு. டாக்டர் என்ன ஆனாங்க?"

ஆக, அக்காவுக்கும் ஒரு கூண்டு இருந்திருக்கிறது. ஆறு வருஷமாக, இதே அறையில்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணி. தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஏண்டி, வண்டிக் கதவுல எழுதியிருக்கிறது யார் நம்பர்? அந்த ஆள் முதல்ல எங்கிட்டதான் பேசினான். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஒரு முடிவு தெரியணும், டீச்சரோட செல் நம்பர் வேணும்னான். நான்தான் குடுத்தேன்."

"பத்து நாளா ஏன் சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

கீழே பூட்டுக்காரர் சாவி வெட்டும் சத்தம் கீச்கீச்சென்று கேட்டது. அது நின்றதும் டீச்சர் சொன்னாள்.

"உன்னை வேண்டாம்னுட்டாங்கக்கா."

"எனக்கென்னடி, நிம்மதியா வீட்டுல தூங்குவேன். நீ போய்ட்டு வா. என்னைப் பத்தி ஒண்ணும் யோசிக்காதே," என்றாள் அக்கா, பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே, இதமாக.

"அந்தக் குரல் வேண்டாம்க்கா," என்றாள் டீச்சர். "இன்னிக்கு அதால பட்டது போதும். நிஜத்தைச் சொல்லு."

அக்கா ஒரு பொம்மைக் காரை எடுத்து ரவுண்டானாவில் தப்பான பக்கமாகச் சுற்ற விட்டாள். "பயமா இருக்கு," என்றாள் கடைசியில். "காலையில எந்திரிச்சு எங்க போறதுன்னே தெரியாதேன்னு பயமா இருக்கு. உன்னைப் போகாதேன்னு சொல்றதுக்கு அதைவிட பயம். சொன்னா இருந்துடுவே. எனக்காக இருந்துட்டு, அப்புறம் ஆயுசுக்கும் வண்டியைக் கழுவிக்கிட்டே கிடப்பே."

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அக்கா மூக்கைச் சிந்தினாள், டீச்சர் தண்ணீர் குடித்தாள். ஆனால் மேசைக்கு அடியில் அவள் கால் தரையை மிதிக்காமல் இருந்தது. அதை அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, சொல்லி வைத்தாற்போல் செல்போன் அடித்தது. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டு ரவுண்டானாவுக்கு நடுவில் வைத்தாள். பதிலை அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. மூன்று நாளாக அக்காவும் அவளும் மாறி மாறிப் பேசி, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை மட்டும் கண்டுபிடித்திருந்தார்கள்.

"சொல்லுங்க மேடம். நல்ல செய்திதானே?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வண்டியை எங்க கழுவுவீங்க?"

இப்படி ஒரு கேள்வி அவருடைய பட்டியலில் இருந்திருக்காது. "அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம் மேடம். எல்லா வண்டியும் எங்க ஷெட்லயே ஆள் வச்சு கழுவிடுவோம். நீங்க இறங்கிப் போய்க்கிட்டே இருக்கலாம்."

"வண்டிக்குள்ள கத்தலாமா?"

"நம்ம இடத்துல யாருமே கத்த மாட்டாங்க மேடம். உள்ளே கேமரா இருக்கு, மைக்கோட. எல்லாம் பதிவாகும். நீங்க எதுக்குமே பதற வேண்டாம். ஒண்ணும் ஆகாது. நாங்க பாத்துக்கறோம்."

இதமான குரல். தாலாட்டுகிற குரல். டீச்சர் அக்காவைப் பார்த்தாள். அக்கா தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஊசி பிடிப்பதைப் போல் விரல்களைக் குவித்துக் காட்டினாள். டாக்டரின் கதை முழுவதையும் அவள் கேட்டிருந்தாள்.

டீச்சருக்கு அந்தக் கணத்தில் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. மழை மாதங்களில் யாரும் சேர மாட்டார்கள் என்பது அப்படியேதான் இருந்தது. வண்டியின் கிளட்ச் தகடு தேய்ந்திருப்பதும் அப்படியே. டாக்டர் உபயம். ஆனால் தான் தப்பித்து ஓட நினைத்தது இந்த அறையிலிருந்து அல்ல, அந்தக் குரலிலிருந்து என்பது அவளுக்குப் புரிந்தது. அதைவிட்டு ஓடிப்போய், அதையே முப்பது காரில் ஏற்றி வைத்திருக்கிறவரிடம் வேலைக்குச் சேர்வதா?

"வேண்டாங்க," என்றாள். "எனக்கு பயமாத்தான் இருக்கு. ஆனா வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்லுங்க மேடம், இப்படி ஒரு வாய்ப்பு..."

அதற்குள் அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தம்பி, உங்களுக்கு கிரெடிட் கார்டு எதுவும் வேணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

அதன் பிறகு அக்கா செய்த காரியம்தான் அந்தத் தெருவில் நெடுநாள் பேசப்பட்டது. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, பெயிண்ட் பிரஷ்ஷால், 'இங்கே யாரையும் திட்ட மாட்டோம்' என்பதற்குக் கீழே, கோணல்மாணலாக ஒரு வரி சேர்த்தாள்: 'தேவைப்பட்டால் சொல்லிவிட்டுத் திட்டுவோம்.' பூட்டுக்காரர் கீழிருந்து பார்த்துவிட்டு, "இது நேர்மை," என்றார்.

ஐந்தே முக்காலுக்கு டாக்டர் வந்தார். அன்று அவருக்குப் பாடம் இருந்தது. அடுத்த செவ்வாய் ஐந்தாவது டெஸ்ட். "பாஸ் ஆயிடுவேனா?" என்று கேட்டார்.

"தெரியலை," என்றாள் டீச்சர்.

"நிஜமாவா?" என்று டாக்டர் மகிழ்ந்துபோனார்.

அக்கா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஆறு வருஷத்தில் அவள் அந்த வண்டியில் ஏறுவது அதுவே முதல் தடவை. போனை யார் பார்ப்பது என்று எப்போதும் அலுவலகத்திலேயே இருந்துவிடுவாள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் போய், கூண்டு வாசலில், தரைப் பட்டையின் மேல் சக்கரத்தைச் சரியாக ஏற்ற வேண்டும். பழகியவர்களே இரண்டு தடவை முன்னும் பின்னும் போவார்கள். டாக்டர் ஒரே தடவையில் ஏற்றினார். ஏற்றிய வேகத்தில் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டார்.

"இப்ப வேண்டாம்!" என்று டீச்சர் கத்தினாள். வண்டிக்குள், தூரிகை வருவதற்கு முன்னால், ஒரு மாணவரைப் பார்த்து. கத்திவிட்டுத் தானே திகைத்தாள்.

"சொல்லிட்டுத் திட்டறதா போர்டுல இருக்கே?" என்றார் டாக்டர்.

கழுவும் இடத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "மூணு பேரா?" விரல்விட்டு ஏதோ யோசித்தார். "பத்து நிமிஷம் போடறேன்."

நுரை மூடியது. முதல் தூரிகை அடித்ததும் அக்காதான் ஆரம்பித்தாள். கிரெடிட் கார்டுக்காரர், பழைய டைப்பிங் ஆபீஸ் மேனேஜர், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குடையை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராத ஒருத்தி என்று வரிசையாக வந்தார்கள். டாக்டரோ, பல் தேய்க்காமல் வாயைத் திறக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொட்டியது. வண்டி, யாரும் ஓட்டாமல், தன்பாட்டுக்கு ஊர்ந்தது.

நடுவில் மூச்சு வாங்க நிறுத்திய அக்கா, முன் சீட்டுக்கு எக்கித் தங்கையின் தோளைத் தட்டினாள். "என்னடி, நீ ஏன் கத்தவே இல்லை?"

"கத்திக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்!" என்றாள் டீச்சர். "உங்க ரெண்டு பேர் சத்தத்துல எங்க கேக்குது?"